ஏலக்காரி வீட்டில் சத்தம் இல்லை

காசிமேட்டில் என் மனைவி மீன் ஏலம் விடுகிறாள். விடியற்காலையில் விசைப்படகுகள் வந்து நின்றதும் கூடைகளை வரிசையாக இறக்குவார்கள். அவள் நடுவில் நின்று குரலெடுத்தால் ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தம்கூட அடங்கிப் போகும். ஆம்பளைகள் ஏலம் விடுகிற இடத்தில் அவள் ஒருத்திதான் பொம்பளை. அவளிடம் யாரும் வாலாட்டுவதில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்த காலைகளில் அவளைக் கூட்டிப் போக நான் அங்கே போய் நின்றால், மீன் வண்டிக்காரர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்.

“இன்னா மாமு, வூட்லயும் இப்டித்தானா? அப்ப உன் கதி அதோகதிதான்.”

சிரித்து வைப்பேன். வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்? அந்த உயராத குரலுக்குத்தான் நான் காலடியில் உட்காருகிறேன் என்று சொன்னால் மயக்கம் போட்டே விழுவார்கள். அதனால் அவர்களிடம் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன், ஏனென்றால் அவளுக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடன் உள்ளேயே கிடந்து கனக்கிறது.

இதற்கு பி.டி.எஸ்.எம். என்று ஒரு பெயர் இருக்கிறது. வளர்ந்த இரண்டு பேர், இரண்டு பேருக்கும் மனசிருந்து, ஒருவர் கடிவாளத்தைக் கொடுக்க இன்னொருவர் பிடித்துக்கொள்வது. எந்த நிமிஷமும் நிறுத்து என்றால் நிறுத்திவிட வேண்டும். அந்தக் கடைசி விஷயம் இல்லையென்றால் அது வெறும் அடாவடி, வேறு பெயர் தேவையில்லை. சாட்டை, சங்கிலி, கறுப்புத் தோல் சட்டை என்று கதை கட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் வீட்டில் அதிகபட்ச ஆயுதம் ஒரு குத்தாலத் துண்டு.

நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறேன். நாள் முழுக்க உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே இருக்கிற மனிதர்களின் தலைக்கு மேல் இரும்புப் பெட்டிகளைத் தூக்கிப் போகிறவன். கை கொஞ்சம் பிசகினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் நானே யோசித்து, நானே முடிவு செய்து இறங்கி வரும்போது, யாராவது ஒருத்தர் என் கையிலிருந்து அந்த முடிவு செய்கிற வேலையை வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று இருக்கும். சின்ன வயதிலிருந்தே இருந்த ஆசை அது. வேலை அதை வளர்த்துவிட்டது.

எனக்கு இது இரண்டாவது கல்யாணம், அவளுக்கும்தான். முதல் மனைவியிடம் இந்த ஆசையைச் சொன்னேன். வியாதி என்றாள். மறுநாள் அண்ணன்களைக் கூட்டி வந்தாள், அவர்களோடு கிளம்பியும் போனாள். பிடிக்காததைப் பிடிக்காது என்று சொன்னதில் அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அண்ணன்கள் முன்னால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரித்ததுதான் இன்னமும் ஆறவில்லை. அதற்கப்புறம் இனி ஒருத்தியிடம் வாய் திறப்பதில்லை என்று சபதம் போட்டேன்.

அந்தச் சபதம் இவளிடம் செல்லுபடியாகவில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே இருந்தாள், புருஷன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவளிடம் மீன் வாங்கப் போய், பேசப் போய், கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் துறைமுகக் கல்லுக்கட்டில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தோம். ஒன்று சொல்லணும், கேட்டுவிட்டு வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு என்றேன்.

“குடியா?” என்றாள்.

“இல்ல.”

“வேற பொண்ணா?”

“இல்லமே.”

“அப்ப தகிரியமா சொல்லு.”

சொன்னேன். அவள் சுண்டலில் கிடந்த மாங்காய்த் துண்டைத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“இவ்ளோதானா? நான் இன்னாவோன்னு மெர்சலாய்ட்டேன். எனுக்கு இத்தெல்லாம் தெரியாது. கத்துக்கினு பாக்குறேன். எனுக்கும் புடிச்சா உண்டு, புடிக்கலன்னா இல்ல. ஆனா யார்கிட்டயும் போய் உன்ன காட்டிக் குடுக்க மாட்டேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் அங்கேயே அழுதிருப்பேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்ததால் அடக்கிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்தது. கற்றுக்கொள்ள எங்கே போவது? ஃபோன் வழியாக எனக்குப் பழக்கமான ஒரு சின்ன வட்டம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தண்டையார்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடை மாடியில் கூடுவார்கள். சாப்பிடுவார்கள், பேசுவார்கள், போய்விடுவார்கள். கீழே பில் போடுகிறவர் எங்களைச் சீட்டுப் பிடிக்கிற கும்பல் என்றே நினைத்திருந்தார். அங்கே அவளைக் கூட்டிப் போனேன். ஆளுகிற கையும் ஆளுக்கொரு மாதிரி இருக்கும் என்பதை நாங்கள் பார்த்தது அந்த மாடியில்தான்.

தையல் கடை வைத்திருக்கிற ஒரு அம்மா வருவார். அவர் வழி கண்டிப்பு. கூட வருகிறவர் பேங்க்கில் வேலை பார்க்கிற நெட்டை மனிதர். அந்த அம்மா விரலால் நாற்காலியைக் காட்டும்வரை உட்கார மாட்டார். தண்ணீர் குடிக்கலாமா என்பதைக்கூடக் கண்ணாலேயே கேட்பார். அந்த அம்மாவின் ஒரு புருவம் மேலே போனால் போதும், அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்காரும். அவருக்கு வேண்டியது அதுதான் என்று பார்த்தாலே தெரியும்.

இன்னொருவர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி, பருப்பு மொத்த வியாபாரம். அவர் வழி வேறு. சாப்பாடு முடிந்ததும் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிப்பார். நார் ஒன்றுவிடாமல் எடுத்து, ஒவ்வொரு சுளையாகத் தன் மனைவியின் வாயில் வைப்பார். அந்த அக்கா எப்போது தூங்க வேண்டும், என்ன புடவை கட்ட வேண்டும், எல்லாம் அவர் சொல்வதுதான். சத்தம் கிடையாது, தண்டனை கிடையாது. பார்த்துப் பார்த்துச் செய்தே ஆளுகிறவர்.

“அவளுக்கு உரிச்சுக் குடுக்கதுல எனக்கு ஒரு நிறைவு, பாத்துக்கிடுங்க” என்றார் என் மனைவியிடம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள். “அந்தம்மா மாரி இருக்கணுமா, அண்ணாச்சி மாரி இருக்கணுமா? நீ சொல்லு.”

“உனுக்கு எது வருதோ அது.”

“இது ஒரு பதிலா?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலில் அந்த அம்மா மாதிரி செய்து பார்ப்பது என்று அவளே முடிவெடுத்தாள். நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று மாடியில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நங்கூரம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு விடுமுறை நாள் மத்தியானம், கதவைத் தாழிட்டு, சுவரைப் பார்த்து என்னை முட்டிபோடச் சொன்னாள். கையைப் பின்னால் துண்டால் கட்டினாள். மேடம் என்று கூப்பிடச் சொன்னாள். எனக்கு அது அரசாங்க ஆஸ்பத்திரி ஞாபகத்தைத்தான் கொண்டுவந்தது, ஆனாலும் கூப்பிட்டேன். பிறகு மார்க்கெட் குரலை எடுத்தாள். குனி என்றாள், நிமிர் என்றாள், கண்ணை மூடு என்றாள், அசையாதே என்றாள். குரல் ஏற ஏற எனக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கியது. முதல் கல்யாணத்தின் அந்த விசாரணை நாளுக்கே போய்விட்டேன். நங்கூரம் என்ற வார்த்தை நெஞ்சுக்குள் இருந்தது, நாக்குக்கு வரவில்லை. முட்டிபோட்டபடியே உறைந்துபோனேன். அவள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தாள்.

என் தோள் நடுங்குவதைப் பார்த்ததும்தான் நிறுத்தினாள். துண்டை அவிழ்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தரையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“ஏன்யா வாயத் தொறக்கல? நீ சும்மா இருந்த, நான் சரின்னு நெனச்சிகினு போய்கினே இருந்தேன்.”

“நான் சும்மா இருந்தன்னா நிறுத்துன்னு அர்த்தம்மே.”

“எந்த ஊர்ல?”

எந்த ஊரில் என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தால் அது யார்டில். கீழே நின்று கைகாட்டுகிற சிக்னல்காரர் கண்ணில் படவில்லையா, கிரேன் நின்றுவிட வேண்டும். பெட்டி அந்தரத்தில் தொங்கினாலும் பரவாயில்லை, முதலாளியே வந்து கத்தினாலும் பரவாயில்லை. சிக்னல் இல்லையென்றால் அசைவு இல்லை. பழகிப் பழகி என் ரத்தத்தில் ஊறிப்போன பாடம் அது. அவளுடைய இடத்தில் நேர் எதிர். விலையைச் சொல்லிக்கொண்டே போவாள். எதிர்த்து யாரும் வாய் திறக்கவில்லையா, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று கூடையைத் தள்ளிவிடுவாள். அங்கே சும்மா இருக்கிறவன் சம்மதித்தவன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் அவரவர் வேலையிடத்துச் சட்டத்தை இடுப்பில் முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம், ஒருத்தருக்கும் அது தெரியவில்லை.

இதை அவளிடம் சொன்னேன். அவள் துண்டை மடித்து வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

“இனிமே எங்க மார்க்கெட்டு வழக்கத்தத் திருப்பிப் போட்டுக்குறேன். எத்த செய்றதுக்கு முன்னாடியும் கேப்பேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மூணு தரமும் நீ வாயத் தொறந்து சரின்னு சொல்லணும். ஒரு தரம் நீ சும்மா இருந்தாலும் ஏலம் கலஞ்சிது. அந்தம்மா குரலு எனுக்கு வேணாம். அது அந்தம்மாவுக்குத்தான் பொருந்தும்.”

நான் பார்த்த எந்த மனிதரும் என்னை எதையும் மூன்று முறை கேட்டதில்லை. ஒரு முறை கேட்டவர்களே குறைவு.

அடுத்ததாக அண்ணாச்சி வழி. சோறு பிசைந்து உருட்டி ஊட்டுவாள். சட்டை எடுத்துக் கொடுப்பாள், படு என்பாள், படுப்பேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மெல்லிய குரலில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். சத்தமில்லாத அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்திருக்கும்போது, யார்டின் இரும்பெல்லாம் தோளிலிருந்து இறங்கிப் போகும். அந்தப் பாதியில் நான் முழு மனசாக இருந்தேன். ஊட்டுவதுதான் பிடிக்கவில்லை. ஜுரம் வந்த பிள்ளைக்கு ஊட்டுவதுபோல இருந்தது. ஆனாலும் சரி என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே என் சரி வந்து விழுந்தது.

சில வாரம் போனதும் ஒரு நாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். காலையில் கூடைக்கு முன்னால் நிற்கிறவர்களைப் பார்க்கிற பார்வை.

“மார்க்கெட்டுக்கு ஒர்த்தன் வருவான். எந்த வெல சொன்னாலும் தலையாட்டுவான். அவனுக்கு நான் கூடையத் தர மாட்டேன். ஏன்னு கேளு.”

“ஏன்?”

“வாங்க மாட்டான். கடசீல கூடையப் போட்டுட்டு ஓடிப் பூடுவான். நீயும் தலையாட்டிகினே கீற. உன் சரி எது நெசம், எது பீலான்னு எனுக்குத் தெரியல. தெரியாம உன் மேல நான் எப்டி கை வெப்பேன்?”

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழப் போனேன்.

“உன்கிட்டேர்ந்து ஒரு வேணாம் வரணும். நெசமான வேணாம். வர்ற வரைக்கும் இத்தெல்லாம் மூட்ட கட்டி வெச்சாச்சி. வரவே இல்லியா, வெறும் புருசன் பொண்டாட்டியா இருந்துட்டுப் போவோம். அதுல எனுக்கு ஒண்ணும் கொற இல்ல.”

அவளுக்குக் குறை இல்லாமல் இருக்கலாம். எனக்குப் பாதி உயிர் போனது. ஆயுசு முழுக்க மறைத்து வைத்திருந்த ஒன்றை ஒருத்தி சுண்டல் தின்றுகொண்டே கையில் வாங்கியிருக்கிறாள், அதை நானே கோட்டை விடப் போகிறேன். சரி, ஒரு வேணாம்தானே, அதென்ன பிரமாதம் என்று மறுநாளே ஆரம்பித்தேன். டீ குடிக்கிறியா என்றாள். “வேணாம்” என்றேன், முறைப்பாக.

“டீய வேணாம்னு சொல்ற மூஞ்சா இது? டபாய்க்காதய்யா. இந்தா, ஆறிடப் போவுது.”

வாங்கிக் குடித்தேன். அதற்கும் வேணாம் சொல்ல வரவில்லை.

அப்போதுதான் என் வாழ்க்கையை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். சூப்பர்வைசர் இன்னொரு ஷிஃப்ட் பார் என்றால் சரி. தம்பி வண்டியைக் கேட்டால் சரி, டேங்க் காலியாகத் திரும்பி வந்தாலும் சரி. முதல் மனைவியின் அண்ணன்கள் நீ வியாதிக்காரன்தானே என்று கேட்டபோது அதற்கும் சரி என்றுதான் தலையாட்டியிருக்கிறேன். பணிந்து போவதையும் ஒப்புக்கொடுப்பதையும் நான் ஒன்று என்று நினைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்ல முடிகிறவன்தான் ஒப்புக்கொடுக்க முடியும். நான் இதுவரை யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை, எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த மாதம் மாடியில் கூடியபோது அண்ணாச்சியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டே அந்த அக்கா தானாகச் சொன்னார்.

“எல்லாரும் இது அவுக ஆசைன்னு நெனைக்காக. நான் கேட்டு வாங்குனது தம்பி. இதுல நார் இருந்துச்சுன்னா துப்பிருவேன். மறுபடியும் உரிச்சுத்தான் ஆகணும் அவுக.”

அண்ணாச்சி ஆமாம் என்று தலையாட்டியபடி அடுத்த சுளையின் நாரை எடுத்துக்கொண்டிருந்தார். பேங்க்காரரைப் பார்த்தேன். அவரும் கேட்டு வாங்கியவர்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கேட்காமல் வாங்கிக்கொண்டு மென்று முழுங்குகிறவன் அந்த மாடியில் நான் ஒருத்தன்தான். அந்த அக்காவுக்கு நான் நன்றி சொன்னதில்லை. எதற்கென்று கேட்டால் விளக்க வேண்டியிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் குழம்பு. மத்தியானம், எதிர்வீட்டு டிவி சத்தம், தெருவில் தண்ணி லாரி ஹாரன். அவள் குளித்துவிட்டு வந்து தட்டில் சோறு போட்டாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து, முள் எடுத்து, ஒரு உருண்டை உருட்டினாள். மூட்டை கட்டி வைத்த பிறகு அவள் அப்படிச் செய்வது அதுதான் முதல் தடவை.

“இன்னிக்கி ஒரே ஒருவாட்டி கேட்டுப் பாக்குறேன்” என்றாள். “ஊட்டட்டுமா? ஒரு தரம்.”

“சரி.”

“ரெண்டு தரம்.”

“சரி” என்றேன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“மூணு தரம்.”

வாய் சரி என்று சொல்லத் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. சிக்னல் தெரியாமல் நிற்கிற பெட்டி மாதிரி அந்தச் சோற்று உருண்டை என் முகத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. குழம்பு அவள் மணிக்கட்டு வரை வழிந்தது, துடைக்கவில்லை. என் காதுக்குள் அண்ணன்கள் குரல், சூப்பர்வைசர் குரல், எல்லாம் கேட்டது. இவளும் கிளம்பிப் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம் வேறு.

“வேணாம்” என்றேன். “எனுக்கு ஊட்றது புடிக்கல. மொதல் நாள்லேர்ந்தே புடிக்கல. நீ சொல்றது புடிக்கும். உன் கால்ட்ட உக்கார்றது புடிக்கும். இது வேணாம்மே.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முழுங்கினாள்.

“அப்பாடா. எனுக்கும்தான்யா புடிக்கல. முள்ளு பொறுக்கிப் பொறுக்கி நெகக்கண்ணெல்லாம் எரிச்சல். உனுக்கு ஆசையாச்சேன்னு பல்லக் கடிச்சிகினு இருந்தேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. இந்த முறை அடக்கவில்லை. பிசையாத கையால் என் தலையைப் பிடித்துத் தன் முட்டியோடு சேர்த்துக்கொண்டாள்.

“இன்னிக்கித்தான் நீ என் பேச்சக் கேட்ட” என்றாள்.

நானே பிசைந்து, நானே முள் எடுத்துச் சாப்பிட்டேன். அன்றைக்குப் போல மீன் ருசித்ததில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்து முடியை உலர்த்தினாள். குரலை ஏற்றவில்லை. அந்த அம்மாவும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. மார்க்கெட்டில் எவனுக்கும் கேட்கக் கிடைக்காத என் மனைவியின் குரல்.

“தட்ட ரெண்டயும் கயிவி வெச்சிட்டு வந்து கீய உக்காரு. ஒரு தரம்.”

“சரி.”

“ரெண்டு தரம்.”

“சரி.”

“மூணு தரம்.”

“சரி” என்றேன். அந்தச் சரியை அவள் நம்பினாள்.